ஜன்னல் கழுவும் வேலைக்கு என்ன விலை சொல்வது? பக்கத்து ஆள் பாதி விலைக்கு இறங்கும்போது கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் ஜன்னல், கண்ணாடி கழுவும் தொழிலில் இருக்கும் நம்மவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரு வேன், இரண்டு மூன்று ஆட்கள் என்று நடத்துபவர்களை மனத்தில் வைத்து எழுதியது. பினாங்கிலிருந்தும் சிலர் கேட்டார்கள். அங்கே கடல் காற்று என்பதால் சில விஷயங்கள் மாறும். அதற்குத் தனியாகப் பதில் உண்டு. கணக்கில் வரும் தொகைகளில் சட்டம் சொல்லும் தொகைகளைத் தவிர மற்றவை உதாரணத்துக்குப் போட்டவை. அந்த இடத்தில் உங்கள் சொந்தத் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

செராஸில் ஒரு ரெண்டு மாடி லிங்க் வீட்டுக்கு (வரிசை வீடு) 240 வெள்ளி (ரிங்கிட்) சொன்னேன். இன்னொருத்தன் 150-க்குச் செய்கிறானாம். நானும் இறங்க வேண்டியதுதானா?

உங்கள் அடிவிலை, அதாவது கைநஷ்டம் இல்லாமல் வேலையை முடிக்கும் விலை, 150-க்குக் கீழே இருந்தால் இறங்கலாம். அதற்கு மேலே இருந்தால் முடியாது. அடிவிலை எவ்வளவு என்று தெரியாவிட்டால் இறங்கவும் கூடாது, இறங்க மாட்டேன் என்று வீம்பு பிடிக்கவும் கூடாது. நம் தொழிலில் பாதிப் பேர் மார்க்கெட்டில் கேள்விப்பட்ட தொகையில் பத்து இருபது குறைத்துச் சொல்லி வேலை எடுக்கிறார்கள். கேள்விப்பட்ட தொகையைச் சொன்னவரும் அப்படியே எடுத்தவராக இருப்பார். உட்கார்ந்து கணக்குப் போட்டவர் யாரும் அந்த வரிசையில் இருக்கமாட்டார்.

அடிவிலையை எப்படிக் கணக்குப் போடுவது?

ஆள் கூலியிலிருந்து தொடங்குங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் சிறு முதலாளிகளுக்கு அதே ஆண்டு ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதன் மேல் முதலாளி பங்காக இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி. சொக்சோவும் (ஊழியர் சமூகப் பாதுகாப்பு) வேலைக் காப்புறுதியும் சேர்ந்து முப்பது வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். ஆக, உள்ளூர் ஆள் ஒருவருக்கு மாதம் ஏறக்குறைய 1,955 வெள்ளி உங்கள் கையிலிருந்து போகிறது.

இனி நாளைப் பாருங்கள். வாரம் ஆறு நாள் வேலை என்றால் வருடத்துக்கு 312 நாள். சம்பளத்தோடு கொடுக்க வேண்டிய பொது விடுமுறை 11, வருட விடுப்பு குறைந்தது 8, காய்ச்சல் தலைவலி என்று ஒரு சில நாள். மிஞ்சுவது மாதத்துக்கு 24 நாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளுக்கு 81 வெள்ளி சொச்சம்.

அந்த ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கை கண்ணாடியில் படுகிறது? வாரம் 45 மணி நேரம் என்பது 2023-லிருந்து சட்ட வரம்பு; ஆறு நாளுக்குப் பிரித்தால் தினம் ஏழரை மணி. அதில் ஜாலான் ஈப்போ நெரிசல், கார்டு ஹவுஸில் (காவலாளி அறை) ஐசி (அடையாள அட்டை) கொடுத்து நிற்பது, வீட்டுக்காரர் வந்து கேட் திறக்கும்வரை காத்திருப்பது, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சாமான் கட்டி அவிழ்ப்பது எல்லாம் போனால் ஐந்து மணி நேரம் நின்றால் பெரிய விஷயம். 81-ஐ ஐந்தால் வகுத்தால் 16 வெள்ளிக்கு மேல். சட்டப்படி குறைந்தபட்ச மணிக் கூலி 8.72 வெள்ளி. கண்ணாடி மேல் வேலை நடக்கும் ஒரு மணி நேரத்துக்கு உங்களுக்கு ஆகும் செலவு அதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த இரண்டு தொகைக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில்தான் பலருடைய தொழில் விழுந்து கிடக்கிறது.

இப்போது அந்தச் செராஸ் வீட்டுக்கு வருவோம். இரண்டு ஆள், நாலு மணி நேரம்: எட்டு ஆள்மணிக்கு 130 வெள்ளி. பெட்ரோல், டோல், பார்க்கிங் 30. சோப்பு, துணி, வைப்பர் ரப்பர் 8. வேன் பழுது, காப்புறுதி, போன், எஸ்எஸ்எம் (நிறுவன ஆணையம்) பதிவு ஆகியவற்றில் இந்த வேலையின் பங்கு 22. கூட்டினால் 190. நீங்கள் சொன்ன 240-இல் உங்களுக்கு நிற்பது 50 வெள்ளி. 150-க்கு இறங்கினால் வீட்டுக்கு 40 வெள்ளி நீங்கள் கொடுத்துவிட்டு வருகிறீர்கள்.

நான் தனி ஆள். யாருக்கும் சம்பளம் கொடுப்பதில்லை. என் செலவு குறைவுதானே?

உங்களுக்கு யார் சம்பளம் கொடுப்பது? உங்கள் உழைப்புக்கும் அதே மணிக்கணக்கில் ஒரு தொகை போடுங்கள். போடாவிட்டால் நாளைக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டு ஒருவரை உங்கள் இடத்தில் அனுப்பும் அன்றே உங்கள் விலை உடைந்துவிடும். சுயதொழில் செய்பவர்களுக்கும் சொக்சோவில் தனித் திட்டம் உண்டு. ஏணியில் ஏறுபவர் அதைக் கட்டாமல் இருப்பதைச் சிக்கனம் என்று நான் சொல்லமாட்டேன்.

அப்படியானால் அவன் எப்படி 150-க்குச் செய்கிறான்?

பல வழி இருக்கிறது. தன் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்காதவர் ஒருவர். இபிஎஃப், சொக்சோ கட்டாதவர் ஒருவர். வேறு வேலையில் இருந்துகொண்டு சனி ஞாயிறு மட்டும் செய்பவர் இன்னொருவர். அவருக்கு இது கைச்செலவுக் காசு. ஆனால் அதிகமாக நடப்பது வேறு: அவர் செய்வது உங்கள் வேலையே இல்லை.

பழைய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் இருக்கும் நாக்கோ ஜன்னலை, அதாவது கண்ணாடிப் பட்டைகளைத் திறந்து மூடும் ஜன்னலை, எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சட்டத்தில் எட்டுக் கண்ணாடிப் பட்டை என்றால் பதினாறு பக்கம். மூன்று சட்டம் சேர்ந்த ஹால் ஜன்னலில் 48 பக்கம். உள்பக்கம் கிரில், அதற்குள் கையை விட்டு ஒவ்வொரு பட்டையாகத் துடைக்க வேண்டும். பட்டை மாட்டியிருக்கும் அலுமினியக் கிளிப்பில் தூசி, ஒட்டடை, பல்லி எச்சம் மூன்றும் சேர்ந்து களிமண் மாதிரி இறுகியிருக்கும். பழைய பல் பிரஷ்ஷை விட்டால்தான் வரும். அவசரமாக இழுத்தால் கிளிப் வளையும், பட்டை நழுவும். நீங்கள் இதையெல்லாம் செய்துவிட்டு 240 கேட்கிறீர்கள். அவர் நாக்கோவை மூடிவைத்து வெளியே ஹோஸ் பைப்பால் ஒரு அடி, உள்ளே ஈரத்துணியால் ஒரு இழுப்பு, அடுத்த வீடு. இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. அவருடைய 150 அவருடைய வேலைக்குச் சரியான விலையாகவே இருக்கலாம்.

வீட்டுக்காரருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இரண்டு தொகை மட்டும்தான் கண்ணில் படும். அதை மாற்றுவது கொட்டேஷனில் இருக்கிறது.

கொட்டேஷனை எப்படி எழுத வேண்டும்?

"ஜன்னல் கழுவ 240" என்று ஒரு வரியில் அனுப்பினால் தொகையைத் தவிர ஒப்பிட வேறு எதுவும் இல்லை. எத்தனை ஜன்னல், அதில் நாக்கோ எத்தனை, ஸ்லைடிங் எத்தனை, உள்ளும் வெளியுமா, கிரில் சேர்த்தா, கீழ்த் தண்டவாளத்தின் அழுக்கு எடுப்பீர்களா, கொசுவலையைக் கழற்றிக் கழுவுவீர்களா, ஏணி எட்டாத இடம் எது என்று எழுதுங்கள். செய்யாததையும் எழுதுங்கள்: பெயின்ட் கறை, சிமெண்ட் துளி, சிலிகான் எடுப்பது இதில் சேராது. அந்தக் காகிதம் கையில் இருந்தால் வீட்டுக்கார அம்மாவே அடுத்த ஆளிடம் "தண்டவாளமும் சேர்த்தா?" என்று கேட்பார். அப்போது அந்த 150 ஏறத் தொடங்கும்.

இன்னொன்று: ஒரே வீட்டுக்கு இரண்டு விலை கொடுங்கள். முழு வேலை 240. வெளிப்பக்கமும் ஹால் கண்ணாடிக் கதவும் மட்டும் 130. இரண்டாவதற்கும் உங்கள் அடிவிலைக் கணக்கு போட்டிருக்க வேண்டும். காசு இல்லை என்பவர் வேலையைக் குறைத்துக்கொள்ளட்டும், விலை தானாகக் குறையும்.

வாட்ஸ்அப்பில் படத்தைக்கூட அனுப்பாமல் "பாஸ், பெராப்பா? போலே கூராங்?" (எவ்வளவு, குறைக்கலாமா) என்று கேட்கிறார்களே, என்ன பதில் போடுவது?

உடனே தொகை சொல்லாதீர்கள். "வெளியே நின்று வீட்டை ஒரு படம், உள்ளே ஒரு ஜன்னலைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் அனுப்புங்கள், பத்து நிமிடத்தில் விலை சொல்கிறேன்" என்று போடுங்கள். படம் அனுப்பாதவர் விலை விசாரிக்க வந்தவர். அவரிடம் அரை மணி நேரம் பேசாமல் இருந்ததே லாபம்.

குறைக்கச் சொன்னால், குறைப்பதற்கு ஒரு காரணத்தை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு குறையுங்கள். பக்கத்து வீடும் அதே நாளில் தருகிறாரா? செவ்வாய், புதன் மாதிரி காலி நாளில் எடுத்துக்கொள்கிறாரா? மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று ஒப்புக்கொள்கிறாரா? அதே வரிசையில் இரண்டாவது வீடு என்றால் உங்களுக்குப் பயணமும் டோலும் உண்மையிலேயே மிச்சம். அதில் பாதியைக் கொடுக்கலாம். ஒன்றும் தராமல் கேட்டதற்காக மட்டும் குறைத்தால், முதலில் சொன்ன விலை பொய் என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி.

வெறும் 20 வெள்ளிதானே, விட்டுக்கொடுத்தால் என்ன?

மேலே போட்ட கணக்கில் 240-க்கு 50 வெள்ளி நிற்கிறது. 20 குறைத்தால் 30. முன்பு மூன்று வீட்டில் கிடைத்த 150 வெள்ளிக்கு இனி ஐந்து வீடு கழுவ வேண்டும். வாடிக்கையாளருக்கு அது எட்டு விழுக்காட்டுத் தள்ளுபடி, உங்களுக்கு லாபத்தில் நாற்பது விழுக்காடு.

"நம்ம ஆளுதானே, பார்த்துப் போடு தம்பி" என்று சொந்தக்காரர்கள், கோவில் ஆட்கள் கேட்கிறார்கள். முகத்தை முறிக்கவும் முடியவில்லை.

கோவில் கண்ணாடியா, சித்தப்பா வீடா, மனம் இருந்தால் இலவசமாகச் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் முழு விலை. நடுவில் நிற்கும் பாதி விலைதான் ஆபத்து. அந்தப் பாதி விலை கல்யாண வீட்டில் பரவும். பத்துப் பேர் அதையே உங்கள் விலை என்று நினைத்துக் கூப்பிடுவார்கள். இலவசத்தை அப்படி யாரும் கேட்கத் துணியமாட்டார்கள். இலவசமாகச் செய்தாலும் 240 என்று பில் எழுதி, அடியில் "அன்பளிப்பு" என்று போட்டுக் கொடுங்கள். மாமா பில்லைப் பார்த்துக் கொஞ்சம் முறைப்பார், பரவாயில்லை.

நாம் ஏழெட்டுப் பேர் சேர்ந்து "இதற்குக் கீழே யாரும் போகக்கூடாது" என்று ஒரு விலை வைத்துக்கொண்டால் பிரச்சினை தீருமே?

செய்யாதீர்கள். 2012 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 2010-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் போட்டியாளர்கள் கூடி விலை நிர்ணயிப்பதைத் தடை செய்கிறது. பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். கேமரன் மலையின் பூ வளர்ப்போர் சங்கம் பூவுக்குப் பத்து விழுக்காடு விலை ஏற்றுவதாக அறிவித்ததற்கு மலேசியப் போட்டி ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 2014 ஜனவரி முதல் ஐஸ் பைக்கு 50 காசு ஏற்றுவதாகப் பேசிவைத்துக்கொண்ட கோலாலம்பூர், சிலாங்கூர், புத்ராஜெயா ஐஸ் உற்பத்தியாளர்கள் 24 பேருக்கு எல்லாமாகச் சேர்த்து இரண்டரை லட்சம் வெள்ளிக்கு மேல் அபராதம் விழுந்தது. அந்த 50 காசை நினைத்துப் பாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் "எல்லாரும் 200-க்குக் கீழே எடுக்காதீங்க" என்று ஒருவர் எழுதினால் அது எழுத்தில் இருக்கும் சாட்சி.

கூடிப் பேசக்கூடியது நிறைய இருக்கிறது: எந்த ரப்பர் நன்றாக உழைக்கிறது, எந்த மேனேஜ்மென்ட் ஆபீஸில் பெர்மிட் தாமதமாகிறது, அடிவிலையை எப்படிக் கணக்கிடுவது. விலையை மட்டும் அவரவர் தனியாக முடிவு செய்ய வேண்டும். சின்ன ஆள் ஒருவர் மலிவாக விற்பது இந்தச் சட்டப்படி குற்றமும் இல்லை. ஆதிக்க நிலையில் இருக்கும் நிறுவனம் போட்டியாளரை ஒழிக்க விலையை அடிப்பது வேறு கதை. வைப்பரும் வாளியுமாக ஓடும் நமக்கு அது பொருந்தாது.

அவன் பெர்மிட் இல்லாத ஆட்களை வைத்துத்தான் மலிவாகச் செய்கிறான். நானும் அப்படிச் செய்யலாமா?

குடிநுழைவுச் சட்டப்படி ஆள் ஒருவருக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஐந்து பேருக்கு மேல் வைத்திருந்தால் சிறையும் பிரம்படியும். ஒரு சோதனையில் சிக்கினால் பல வருட லாபம் போய்விடும். முறைப்படி பெர்மிட் உள்ள வெளிநாட்டு ஆளுக்கும் குறைந்தபட்சச் சம்பளம் அதே 1,700-தான். 2025 அக்டோபரிலிருந்து இபிஎஃப்பும் இரண்டு விழுக்காடு கட்ட வேண்டும். வெளிநாட்டு ஆள் என்றாலே மலிவு என்ற பேச்சு பழையது.

கொண்டோவில் வெளிக் கண்ணாடி கேட்கிறார்கள். 18-ஆவது மாடி. பால்கனியில் நின்று எட்டிச் செய்துவிடலாமா?

கூடாது. எந்த விலைக்கும்.

வெளிப்பக்கம் என்றால் கோண்டோலா (மேலிருந்து தொங்கும் கூண்டு) அல்லது கயிற்றில் இறங்கும் ஆட்கள். மக்கள் ஸ்பைடர்மேன் என்று சொல்வார்களே, அவர்கள். கோண்டோலாவுக்குத் தொழிலியல் பாதுகாப்பு சுகாதாரத் துறையின் சான்றிதழ் வேண்டும். கயிற்று வேலைக்கு முறையான பயிற்சித் தகுதி வேண்டும். ஐராட்டா என்பது அதில் மூன்று நிலை உள்ள சான்று. 2024 ஜூன் முதல் திருத்தப்பட்ட பாதுகாப்புச் சட்டத்தில் முதலாளிக்கான அபராதம் ஐந்து லட்சம் வெள்ளி வரை போகும். நீங்கள் உள்பக்கத்துக்கும் பால்கனி கதவுக்கும் மட்டும் விலை கொடுங்கள். வெளி வேலையை அந்தத் தொழில் செய்பவரிடம் நேரடியாகப் பேசச் சொல்லுங்கள். நடுவில் நின்று பத்து விழுக்காடு வாங்கப் போனால் விபத்து என்று வரும்போது உங்கள் பெயரும் சேர்ந்து வரும்.

கொண்டோ உள்வேலைக்கும் விலை தனி. பல இடங்களில் முன்கூட்டியே பதிவு, டெபாசிட், பொதுப் பொறுப்புக் காப்புறுதிப் பத்திரம், சனிக்கிழமை மதியத்துக்குமேல் வேலை கூடாது என்ற விதி எல்லாம் உண்டு. சாமான் இறக்கும் லோடிங் பேயில் லிஃப்டுக்கு நிற்கும் நேரமும் உங்கள் 16 வெள்ளி மணியில்தான் ஓடுகிறது. ஒரு நல்ல பக்கமும் இருக்கிறது: காப்புறுதி கேட்கும் இடத்துக்கு 150-காரர் வரமாட்டார்.

ரெனவேஷன் முடிந்த வீட்டுக்குச் சதுர அடி விலை சொல்லலாமா?

பார்க்காமல் சொல்லாதீர்கள். சிமெண்ட் துளி, பெயின்ட், ஸ்டிக்கர் பசை எவ்வளவு என்று தெரியாமல் எந்தத் தொகையும் சூதாட்டம். டெம்பர்டு (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடியில் பிளேடு போடும்போது, தயாரிப்பின்போதே ஒட்டிய கண்ணாடித் துகள் இருந்தால் பிளேடு அதை இழுத்துக்கொண்டு போய்க் கோடு போட்டுவிடும். வெயிலில் பார்த்தால் முடி முடியாகத் தெரியும். மூலையில் சின்ன இடத்தில் சோதித்து, வீட்டுக்காரரிடம் காட்டி, கீறலுக்கான பொறுப்பை எழுத்தில் வாங்கிய பிறகு தொடங்குங்கள். டின்டட் ஃபிலிம் ஒட்டிய உள்பக்கத்தில் பிளேடும் வேண்டாம், அமோனியா கலந்த திரவமும் வேண்டாம்.

மலிவு ஆட்கள் சிலர் கறைக்கு வீரியமான அமிலம் ஊற்றுவார்கள். ஹைட்ரோபுளோரிக் அமிலம் உள்ள திரவங்கள் கண்ணாடியையே அரிக்கும். தோலில் பட்டால் உடனே வலிக்காமல் உள்ளே இறங்கிச் சதையையும் எலும்பையும் பாதிக்கும். கண்ணாடி மங்கிப்போன பிறகு உங்களைக் கூப்பிடுவார்கள். அது அழுக்கு இல்லை, அரிப்பு; கழுவிப் போகாது என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பினாங்கில் இருக்கிறேன். இங்கே என்ன மாறும்?

குர்னி டிரைவ், தஞ்சோங் தொக்கோங், பத்து பெரிங்கி பக்கம் கடலைப் பார்த்த கண்ணாடியில் உப்பு படியும். முதலில் தண்ணீர் விட்டுக் கரைத்து இறக்கிவிட்டுத்தான் சோப்பு. ஆக ஒரு சுற்று வேலை கூடுதல், விலையும் கூடுதல். ஆனால் உப்பு சீக்கிரமே திரும்ப வரும் என்பதால் தொடர் வாடிக்கை கிடைப்பது கோலாலம்பூரைவிட எளிது. ஒரு தடவைக்கு 240 கேட்பதைவிட, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை 190 என்பது உங்களுக்கு மேல். கண்ணாடி அதிகம் அழுக்காகாததால் நேரமும் பாதியாகும்.

பிறை, பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு வேலைக்கு வருபவர்கள் பாலத்து டோல் 5.74 வெள்ளியை மறக்கிறார்கள். தீவுக்கு வரும் பக்கம் மட்டும்தான் என்றாலும் மாதம் இருபது தடவை வந்தால் ஏறக்குறைய 115 வெள்ளி. ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளின் மரப் பலகை ஜன்னலுக்குக் கண்ணாடி விலை போடாதீர்கள். அது தச்சரும் பெயின்டரும் பார்க்க வேண்டிய வேலை; தண்ணீரை அடித்தால் மரம் உப்பும்.

சீனப் பெருநாளுக்கு முன்னால் விலை ஏற்றலாமா?

ஏற்றலாம். அந்த இரண்டு மூன்று வாரம் எல்லாரும் ஒரே நேரத்தில் வீட்டைக் கழுவுகிறார்கள், ஆட்களுக்கு ஓவர்டைம் கொடுக்க வேண்டும். பழைய வாடிக்கையாளருக்கு ஏற்ற வேண்டாம், டிசம்பரிலேயே தேதி பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். புதியவர்களுக்குப் பெருநாள் விலை, பாதி டெபாசிட். தீபாவளிக்கு முந்திய வாரங்கள் மழைக்காலம். மதியத்துக்குமேல் இடி மின்னல் வரும் என்று வைத்தே காலை வேலையாகப் பிடியுங்கள்.

கடைகள், ஆபீஸ்கள் மாத ஒப்பந்தம் தருகிறார்கள். ஆனால் காசு 60, 90 நாள் கழித்துத்தான் வருகிறது.

அந்த மூன்று மாதச் சம்பளத்தை நீங்கள் கடன் கொடுக்கிறீர்கள். இரண்டு விலை எழுதுங்கள்: 14 நாளில் கொடுத்தால் ஒன்று, அதற்குமேல் போனால் கூடுதலாக ஒன்று. ஒப்புக்கொள்ளாத இடம் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், உங்கள் கையில் மூன்று மாதச் செலவுக்குப் பணம் இல்லாவிட்டால் எடுக்காதீர்கள்.

என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பையனே தனியாகப் போய் என் வாடிக்கையாளர்களிடம் குறைத்துக் கேட்கிறான்.

இந்தத் தொழிலில் விலையை உடைப்பவர்களில் பலர் அப்படி வந்தவர்கள்தான். அவருக்கு உங்கள் விலை தெரியும், அந்த விலைக்குள் என்னென்ன செலவு இருக்கிறது என்று தெரியாது. வேன் கியர்பாக்ஸ் போகும்போது தெரிந்துகொள்வார். ஆனால் அவர் விழட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அவர் விழுந்தால் அடுத்தவர் வருவார். இப்போது உங்களிடம் இருக்கும் பையனிடம் கணக்கைக் காட்டுங்கள். இந்த வேலைக்கு 240, அதில் 190 இப்படிப் போகிறது என்று தெரிந்த ஆள் வெளியே போனாலும் 150 சொல்லமாட்டார்.

நான்கு வருடமாக ஒரே விலையில் செய்யும் பழைய வீடுகளுக்கு எப்படி ஏற்றுவது?

குறைந்தபட்சச் சம்பளம் 1,500-இலிருந்து 1,700 ஆனபோதே ஏற்றியிருக்க வேண்டும். இப்போது ஒரே அடியாக 60 ஏற்றினால் அவர்கள் வேறு ஆளைத் தேடுவார்கள். அடுத்த முறை வேலை முடித்து, கண்ணாடி பளிச்சென்று இருக்கும்போதே வாயால் சொல்லுங்கள்: "அக்கா, அடுத்த தடவையிலிருந்து 20 வெள்ளி கூடும், ஆள் சம்பளம் ஏறிப்போச்சு." அன்றைக்குப் பழைய விலைதான் வாங்க வேண்டும். அதையே அன்று மாலை வாட்ஸ்அப்பிலும் போட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு 20. எல்லா வீட்டையும் ஒரே மாதத்தில் ஏற்றாமல், அதிக நேரம் பிடிக்கும் நாக்கோ வீடுகளிலிருந்து தொடங்குங்கள். அவற்றில் இரண்டு போனாலும் உங்கள் வாரத்தில் ஒரு முழுநாள் காலியாகும்.